ஆயில் மூடியில் மோர்: அருவங்காட்டு ஒர்க்‌ஷாப் அனுபவம்

இந்த ஒர்க்‌ஷாப்புக்குப் பெயர்ப் பலகை கிடையாது. குன்னூர் பக்கத்து அருவங்காட்டில் மெயின் ரோட்டிலிருந்து சரிவாக இறங்கும் ஒரு சந்து, அதன் கடைசியில் தகரக் கூரை, கூரைக்கடியில் எப்போதும் ரெண்டு பழைய ஜீப். உட்கார நாற்காலி கேட்டால் கவிழ்த்த பெயின்ட் டப்பாவைக் காட்டுவார்கள். நான் அங்கே போனது வேறு வழியில்லாமல்தான்.

என்னுடையது 2014 ஆல்ட்டோ 800. போன ஆண்டு திருப்பூரில் ஒருவரிடம் செகண்ட்ஹேண்டில் வாங்கினோம். வீடு வெலிங்டனில், நான் வேதியியல் சொல்லிக்கொடுக்கும் பள்ளி 3 கிலோமீட்டர் தள்ளி. வண்டியின் முழுநேர உழைப்பே இந்த மூன்று போக, மூன்று வர. கார்த்திகை பிறந்ததும் ரெண்டு தொல்லை ஆரம்பித்தது. காலையில் செகண்ட் கியர் போட்டால் ‘கரக்’ என்று அரைக்கும். அப்புறம், ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்பக்கம் கெட்டி மோர் போல வெள்ளையாக அப்பியிருந்தது.

முதலில் காட்டிய இடத்தில் மூடியைப் பார்த்த உடனே, “ஹெட் கேஸ்கட் போச்சு மேடம், தண்ணி ஆயில்ல கலந்துடுச்சு” என்று 18,500 ரூபாய்க்கு எஸ்டிமேட் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எஞ்சினுக்குள் தண்ணீரும் ஆயிலும் கலக்காமல் அடைக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கட். கியருக்குத் தனியாம், பாக்ஸை இறக்கிப் பார்த்தால்தான் தெரியுமாம். எங்கள் ஸ்டாஃப் ரூமில் இதைச் சொல்லிப் புலம்பியபோதுதான் இந்தத் தகரக் கூரையைப் பற்றிக் கேள்விப்பட்டேன்.

மெக்கானிக் அண்ணனுக்கு ஐம்பத்தைந்து இருக்கும். மூடியை மூன்று விநாடிதான் பார்த்தார். ஆயில் அளவு பார்க்கும் கேஜ் கம்பியை உருவி வெள்ளைத் துணியில் துடைத்தார். துணியில் பழுப்புக் கோடு, வெள்ளையே இல்லை. “டீச்சர், மூடியிலதான் மோர் இருக்கு. கேஜ்ல வெறும் ஆயில்தான்” என்றார். ஒரு தகர மூடியை அடுப்பில் காயவைத்து, கேஜிலிருந்து ரெண்டு சொட்டு ஆயிலை அதில் விட்டார். தாளிக்கும்போது கறிவேப்பிலையில் ஈரம் இருந்தால் படபடவென்று வெடிக்குமே, ஆயிலில் தண்ணீர் இருந்தாலும் அப்படித்தான் வெடிக்குமாம். சத்தமே இல்லை, புகைந்தது.

அடுத்து அவர் எடுத்த சாமானைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணாடிக் குழாயில் நீல நிறத் திரவம், மேலே ரப்பர் பல்ப். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஸ்ட்ரா வைத்து ஊதச் சொல்வோமே, அதே புரோமோதைமால் நீலம்! கார்பன் டை ஆக்சைடு பட்டால் மஞ்சளாகும். ஆறின எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, குழாயை அங்கே பொருத்தி, வண்டியை ஸ்டார்ட் செய்து பல்பை அழுத்திக்கொண்டே இருந்தார். கேஸ்கட் விட்டிருந்தால் சிலிண்டரில் எரிந்த புகை, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் தண்ணீரில் கசிந்து நீலத்தை மஞ்சளாக்கிவிடும். ஐந்து நிமிஷம் ஆகியும் நீலம் நீலமாகவே இருந்தது. அதோடும் விடவில்லை. ரிசர்வ் டேங்க்கில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, “ஒரு வாரம் ஓட்டிட்டு வாங்க, கூலண்ட் கோட்டுக்குக் கீழ இறங்குதான்னு பார்ப்போம்” என்றார். அன்றைக்குக் காசு வாங்கவில்லை.

ஒரு வாரத்தில் ஒரு இழைகூட இறங்கவில்லை. சரி, அப்படியென்றால் மோர் எங்கிருந்து வந்தது?

அண்ணன் கேட்டது ஒரே ஒரு கேள்வி. “ஹீட்டர் சூடா வருதா டீச்சர்?” வரவில்லை! வெதுவெதுப்போடு சரி. ஹீட்டருக்குச் சூடு எஞ்சின் தண்ணீரிலிருந்துதான் வரும். ஆல்ட்டோ ஹீட்டரே இவ்வளவுதான் போல என்று நாங்களாக முடிவுகட்டி, வண்டிக்குள் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருக்கிறோம். எஞ்சின் சில்லென்று இருக்கும்போது ஸ்டார்ட் செய்துவிட்டு, ரேடியேட்டரின் மேல் ஹோஸில் என் கையை வைக்கச் சொன்னார். ரெண்டு நிமிஷத்திலேயே இளஞ்சூடு. தெர்மோஸ்டாட் வால்வு இருந்தால் எஞ்சின் தண்ணீர் 80 டிகிரியைத் தாண்டும்வரை ரேடியேட்டருக்குப் போகவே போகாது, ஹோஸ் ஜில்லென்று இருந்து பிறகுதான் சட்டென்று சுடும். வால்வு இருக்கும் கூட்டைத் திறந்து காட்டினார். உள்ளே வால்வே இல்லை, வெறும் ஓட்டை.

“கீழேயிருந்து வர்ற வண்டின்னாலே இதைத்தான் முதல்ல பார்ப்பேன்” என்றார். திருப்பூர் வெயிலில் வண்டி சூடேறினால் காரணத்தைத் தேடாமல் வால்வைப் பிடுங்கிவிடும் வைத்தியம் அங்கே சகஜமாம். அங்கே அது ஓடிவிடும். 1,850 மீட்டர் உயரத்தில், 3 கிலோமீட்டர் ஓட்டத்தில், எஞ்சின் ஒருநாளும் முழுச் சூட்டுக்கு வராது. பெட்ரோல் எரிந்தால் நீராவி வரும், அதில் கொஞ்சம் பிஸ்டன் ஓரமாக உள்ளே இறங்கும். எஞ்சின் சூடாக இருந்தால் ஆவியாகவே வெளியேறிவிடும். குளிர்ந்திருந்தால் இட்லிப் பானை மூடியில் போல ஆயில் மூடியில் முத்துமுத்தாகப் படிந்து, ஆயிலோடு குழைந்து மோராகிவிடும்.

கியருக்கும் அதே ஊர் வைத்தியம்தான். எஞ்சின் ஓடும்போது கிளட்சை முழுசாக மிதித்து, மூன்று எண்ணி, ரிவர்ஸ் போடச் சொன்னார். சத்தமில்லாமல் விழுந்ததால் கிளட்ச் சரியாகப் பிரிகிறது என்று அதை ஒதுக்கிவிட்டார். பாக்ஸின் லெவல் போல்ட்டைக் கழற்றி விரலை விட்டு எடுத்தார். விரலிலிருந்து வெல்லப்பாகு மாதிரி இழை இழையாக இறங்கியது. கியர் பாக்ஸில் இரைச்சல் வந்தால் அதை மறைக்கக் கெட்டி ஆயில் ஊற்றிவிடுவார்களாம். மலைக்குளிரில் அது இன்னும் இறுகிவிடும், கியரின் வேகத்தைச் சமன்படுத்தும் பித்தளை ரிங் அதில் திணறும். 5 கிலோமீட்டர் ஓடியபின் சத்தம் நின்றுவிடுவதற்கும் அதுதான் காரணம். விரலை வெயிலில் திருப்பிக் காட்டினார், ஆயிலில் பொன்துகள் போல மினுமினுப்பு. “ரிங் கொஞ்சம் தேஞ்சிருக்கு. ஆயில் மாத்தினா முக்கால்வாசி சரியாகும், முழுசா ஆகும்னு சொல்ல மாட்டேன்.” வடிக்கும் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை மட்டும்தான் இருந்தது, இரும்புச் சில் இல்லை. அதனால் பாக்ஸை இறக்க வேண்டாம் என்றார்.

பில் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வந்தது. தெர்மோஸ்டாட் வால்வு 450, கூலண்ட் 400, 75டபிள்யூ-90 ஜிஎல்-4 கியர் ஆயில் 900, எஞ்சின் ஆயிலும் ஃபில்டரும் 1,650, கூலி 800. ஆக 4,200.

குறை இல்லாமல் இல்லை. ஃபோனை எடுக்கவே மாட்டார். ‘மதியம் முடியும்’ என்றால் மறுநாள் மதியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் வாடையும் பீடிப் புகையும் ஒரே கூரைக்கடியில் இருப்பது வேதியியல் டீச்சருக்கு உவப்பாக இல்லை, சொல்லியும் பார்த்தேன். ஆட்டோமேட்டிக் வண்டியைத் தொடமாட்டார், “கோயமுத்தூருக்குக் கொண்டுபோங்க” என்று அனுப்பிவிடுவார். எனக்கென்னவோ அது குறையாகப் படவில்லை.

ரெண்டு மாதம் ஆகிறது. கிலோமீட்டர் ஆகாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்று, ஞாயிற்றுக்கிழமையில் ஊட்டிவரை ஒரு ஓட்டம் ஓட்டு என்று சொல்லியிருந்தார். ஓட்டுகிறோம், வீட்டுக்காரருக்கு வறுக்கி வாங்க அது ஒரு சாக்கு. மூடியில் ஓரமாக ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு மட்டும் சில நாள் தெரிகிறது. லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுத்த வண்டி இப்போது 16-ஐத் தொடுகிறது. ஹீட்டர் போட்டால் என் மகள் ஸ்வெட்டரைக் கழற்றுகிறாள். செகண்ட் கியர் மார்கழிக் காலைகளில் முதல் ரெண்டு தடவை லேசாக முனகத்தான் செய்தது. நியூட்ரலில் ஒரு நொடி நிறுத்திப் போட்டால் விழுந்துவிடுகிறது.