டோகமாக்கில் மின்னோட்டம்: லோவர் ஹைப்ரிட்டா, இலத்திரன் சைக்ளோட்ரானா?

யாழ்ப்பாணத்தில் ஏ.எல் பௌதிகவியல் படிக்கிற பிள்ளைகளுக்கு நிலைமாற்றி தெரியும். அணுக்கரு இணைவுக்காக மிகச் சூடான மின்னேற்ற வாயுவை, அதாவது பிளாஸ்மாவை, காந்தப்புலத்தால் வளையமாக அடைத்து வைக்கிற டோகமாக்கும் அந்த வழியில்தான் பிளாஸ்மாவில் மின்னோட்டத்தை ஓட்டுகிறது, ஆனால் நடுச்சுருளின் மின்னோட்டத்தை முடிவில்லாமல் கூட்டிக்கொண்டே போக முடியாது, அதனால்தான் லோவர் ஹைப்ரிட், இலத்திரன் சைக்ளோட்ரான் போன்ற மின்காந்த அலைகள் தேவைப்படுகின்றன.

ஒரே மெகாவாற்றுக்கு அதிக மின்னோட்டம் வேண்டுமென்றால் லோவர் ஹைப்ரிட்தான். சில கிகாஹேர்ட்ஸ் அலை, காந்தப்புலக் கோட்டின் வழியே ஓடும் வேகமான இலத்திரன்களை ஒரே திசையில் தள்ளிக்கொண்டு போகும். பிரான்சின் வெஸ்ட் டோகமாக் 2025 பெப்ரவரியில் 1337 செக்கன் பிளாஸ்மாவைத் தாங்கியது இதை வைத்துத்தான். பிரச்சினை என்னவென்றால், அன்டெனா பிளாஸ்மாவின் விளிம்புக்கு மிகக் கிட்ட நிற்க வேண்டும், இல்லையென்றால் அலை உள்ளே போகாமல் திரும்பிவிடும்; உலை அளவுக்குச் சூடான பிளாஸ்மாவிலோ நடுவுக்குப் போகுமுன்பே உறிஞ்சப்பட்டுவிடும்.

இலத்திரன் சைக்ளோட்ரானுக்கு அந்தத் தொல்லை இல்லை. பிரான்சில் கட்டப்பட்டுவரும் ஈட்டர் டோகமாக்கில் இந்த அலை 170 கிகாஹேர்ட்ஸ். அது வெற்றிடத்தில் கற்றையாகவே போகும், ஆடியைத் திருப்பினால், தோட்டத்தில் தண்ணீர் மாறுகிறவர் வேண்டிய பாத்திக்கு விடுவதுபோல, வேண்டிய இடத்தில் மின்னோட்டம் கிடைக்கும். காந்தத் தீவு, அதாவது காந்தப்புலக் கோடுகள் பிரிந்து தனியே சுருண்டு பிளாஸ்மாவைக் குலைக்கக்கூடிய பகுதி, முளைக்கிற இடத்திலேயே போட்டு அதை அடக்கலாம். கிடைக்கிற மின்னோட்டம் குறைவு, சரி. ஆனாலும் உலைக்கு நான் இதைத்தான் எடுப்பேன். பிளாஸ்மா குலைந்து சுவரில் அடித்தால் கூடுதல் மின்னோட்டத்தை வைத்து என்ன செய்வது?