கிரானைட் தூளுக்கு எந்தப் பசை?

கிருஷ்ணகிரி கிரானைட் பட்டறைகளில் பாலிஷ் போடும்போது வழியும் சேறு, காய்ந்தால் மாவு போன்ற தூள். ஸ்பெயின் ஓவியர் அன்டோனி டாபியெஸ் பளிங்குத் தூளைக் குழைத்துப் பூசி, சுவர் போலத் தடித்த ஓவியங்கள் செய்தார். அதை இதிலும் செய்யலாம். சிக்கல் பசையில்தான்.

புளியங்கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, அரைத்து, 100 கிராம் மாவை 1 லிட்டர் தண்ணீரில் கட்டி தட்டாமல் காய்ச்ச வேண்டும். இந்தப் பசையில் தூளைக் குழைத்துப் பூசினால், காய்ந்ததும் மினுமினுப்பே இல்லாத கல்முகம். அதற்காகவே இந்த மெனக்கெடல். 2 மி.மீ. தாண்டிப் பூசினால் சுருங்கி வெடிக்கும். மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். அதைத் தடுக்கத் துளி மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்ப்பது பழைய வழி (விஷம், கையுறை அவசியம்).

ஃபெவிக்கால் சுலபம்: 1 பங்குக்குத் தூள் 2 பங்கு. வளைந்து கொடுப்பதால் கேன்வாஸுக்குச் சரி. பசை கூடினால் பிளாஸ்டிக் பளபளப்பு வந்து கல்லின் குணமே போய்விடும்.

பிளைவுட் பலகை என்றால் யோசிக்காமல் புளியங்கொட்டை. எதுவானாலும் தூள் சலிக்கும்போது என்95 மாஸ்க் போடுங்கள். கிரானைட் தூளில் உள்ள சிலிகா நுரையீரலில் தழும்பு ஏற்படுத்தி அதைக் கெடுக்கும்.