டாக்கால நெட் கட்டானப்போ கை கொடுத்த ஆர்கானிக் மேப்ஸ்: யூஸ் பண்ணிப் பார்த்த அனுபவம்

நெட் இல்லாம ஓடுற இந்த மேப் ஆப் பத்தி ரொம்ப நாளா எழுதணும்னு இருந்தேன். ஸ்டோர்ல போய் "சூப்பர்"னு ஒரு வார்த்தை போட்டுட்டு வர மனசு வரல, ஏன்னா 2024 ஜூலைல டாக்கால மாட்டிக்கிட்டப்போ என் போன்ல உருப்படியா வேலை செஞ்சது இது ஒண்ணுதான்.

வேலை விஷயமா போயிருந்தேன், தன்மொண்டி ஏரியால தங்கியிருந்தேன். அரசு வேலைல இருக்கிற கோட்டாவை எதிர்த்து ஸ்டூடண்ட்ஸ் போராடுறாங்கன்னு தெரியும், ஆனா நாலே நாள்ல அப்படி கைமீறிப் போகும்னு யாரும் எதிர்பார்க்கல. 18ஆம் தேதி மொபைல் நெட் போச்சு, ராத்திரி ஹோட்டல் வைஃபையும் போச்சு, மறுநாள் நடுராத்திரிலேர்ந்து கர்ஃப்யூ, ரோட்ல ராணுவம். நெட் போனா வாட்ஸ்அப் போகாது, அவ்ளோதானேன்னு நினைப்போம்ல, அங்க பார்த்தா பிகாஷ்ல (அந்த ஊர் மொபைல் பேமெண்ட் ஆப்) பணம் அனுப்ப முடியல, டாக்ஸி ஆப் திறக்கல, ஏடிஎம்ல காசு இல்ல, ப்ரீபெய்ட் கரண்ட் மீட்டருக்கு ரீசார்ஜ் பண்ண முடியாம ஜனங்க வரிசைல நிக்கிறாங்க. நான் எப்பவும் பார்க்கிற மேப்பைத் திறந்தா வெறும் சாம்பல் கட்டம், நடுவுல ஒரு நீலப் புள்ளி. நான் எங்க நிக்கிறேன்னு போனுக்குத் தெரியுது, சுத்தி என்ன இருக்குன்னுதான் தெரியல.

கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு ஃப்ரெண்ட் வற்புறுத்தினதால ஆர்கானிக் மேப்ஸ் போட்டு பங்களாதேஷ் மேப் முழுசா டவுன்லோட் பண்ணி, ஹோட்டல், ஏர்போர்ட், நம்ம ஹை கமிஷன் (தூதரகம்), பக்கத்துல ஒரு ஆஸ்பத்திரி, நாலுக்கும் பின் போட்டு வச்சிருந்தேன். இது ஃப்ரீ ஆப், விளம்பரம் கிடையாது, நாம எங்க போறோம்னு ட்ராக் பண்றதில்ல. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ல ஆர்வலர்கள் சேர்த்து வச்ச டேட்டால ஓடுது. ஒரு தடவை இறக்கிட்டா தேடுறது, வழி போடுறது எல்லாமே நெட் இல்லாம நடக்கும், ஜிபிஎஸ் சிக்னல் சாட்டிலைட்லேர்ந்து நேரா வர்றதால அதுக்கு நெட்டே தேவையில்ல.

20ஆம் தேதி மதியம் 12லேர்ந்து 2 மணி வரைக்கும்தான் கர்ஃப்யூவைத் தளர்த்துனாங்க. எனக்கு மாத்திரை தீர்ந்து போச்சு. ஹோட்டல் வாசல்லயே ஆப்பைத் திறந்து மருந்துக்கடை தேடினேன், நடந்து போனா 11 நிமிஷம்னு காட்டுச்சு, போக வர 22, கடைல கூட்டம் இருந்தாலும் 2 மணிக்குள்ள திரும்பிடலாம்னு கணக்குப் போட்டுட்டுத்தான் காலை வெளிய வச்சேன். அந்த மாதிரி நேரத்துல வழி தெரியாம முழிச்சுக்கிட்டு நிக்கிறதுதான் பெரிய ஆபத்து, அதுலயும் பாஷை தெரியாதவங்களுக்கு. இதை எவ்ளோ அழுத்திச் சொன்னாலும் போதாது.

ரெண்டு நாள் கழிச்சு ஏர்போர்ட் கிளம்பினேன். ஊர்லயே பிரிண்ட் எடுத்துட்டு வந்த டிக்கெட்டை வண்டி கண்ணாடில வெளிய தெரியுற மாதிரி டிரைவர் ஒட்டினாரு, செக்போஸ்ட்ல அதுதான் எங்களுக்கு பாஸ். ஃபார்ம்கேட் கிட்ட ராணுவக்காரங்க திருப்பி விட்டதும் வண்டி தேஜ்காவ் சந்துக்குள்ள நுழைஞ்சுது, எனக்கு ஒரு நிமிஷம் வயித்தைக் கலக்கிருச்சு. மடில போனை வச்சுப் பார்த்தா அம்பு மெதுவா வடக்க திரும்பி ஏர்போர்ட் போற வழில இருக்கிற மொஹாகாளியைப் பார்த்துப் போகுது, அதைப் பார்த்தப்புறம்தான் மூச்சு வந்துச்சு. டிரைவர் பாய்க்கு ஊர் முழுக்க அத்துப்படி, மேப் தேவைப்பட்டது எனக்குத்தான். பனானில சேது பவன்ங்கிற அரசு ஆபீஸ் முன்னாடி எரிஞ்ச வண்டிங்க வரிசையா நின்னதைப் பார்த்துட்டு கடைசி வரைக்கும் ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசல.

சில விஷயம் முன்னாடியே தெரிஞ்சுக்கோங்க. லைவ் ட்ராஃபிக் இதுல வராது, எந்த ரோட்டை மறிச்சிருக்காங்க, எங்க கல்லு பறக்குதுன்னு எந்த ஆஃப்லைன் மேப்பாலயும் சொல்ல முடியாது, அதை ரிசப்ஷன்லயும் டிரைவர்கிட்டயும்தான் கேட்கணும், அவங்க வேணாம்னா வேணாம். அவங்க சொல்ற ரோடு வழியா போகணும்னா ரூட்ல நடுவுல ஒரு இடத்தைச் சேர்த்தா போதும். நெட் இல்லாதப்போ ஜிபிஎஸ் முதல் தடவை இடத்தைப் பிடிக்க சில நிமிஷம் எடுக்கும், ரூமுக்குள்ள உட்கார்ந்துக்கிட்டு ஆப் வேலை செய்யலன்னு பயந்துடாதீங்க, வானம் தெரியுற இடத்துல கொஞ்சம் பொறுங்க. சார்ஜ் வேகமா இறங்கும், பவர் பேங்க் கட்டாயம்.

இன்னொண்ணு, போராட்டம் நடக்குற இடத்தையெல்லாம் பின் போட்டு வைக்காதீங்க. செக்போஸ்ட்ல போனை வாங்கிப் பார்க்கிறது இந்த மாதிரி சமயத்துல சகஜம், நீங்க ஒதுங்கிப் போகணும்னு குறிச்சு வச்சது அவங்க கண்ணுக்கு வேற மாதிரி தெரியும். அதே காரணத்துக்காக போட்டோவும் எடுக்காதீங்க. தூதரக நம்பரை பேப்பர்ல எழுதி பாஸ்போர்ட் காப்பியோட பாக்கெட்ல வைங்க, போன் செத்துட்டா அதுதான் உதவும்.

நெட் இல்லாம மெசேஜ் அனுப்ப பிரையர்னு ஒரு ஆப் இருக்கு, ப்ளூடூத்ல போகும், ஆனா ரெண்டு பேர்கிட்டயும் இருக்கணும், கிட்டயும் இருக்கணும், கூட வர்றவங்களோட பேச மட்டும் சரி.

ஆர்கானிக் மேப்ஸுக்கு என் ரேட்டிங் 5க்கு 5. ஆண்ட்ராய்டு, ஐபோன் ரெண்டுலயும் கிடைக்குது. நியூஸ்ல ஏதாவது கலவரம்னு காதுல விழுந்த நாட்டுக்குக் கிளம்புறீங்கன்னா வீட்டு வைஃபைலயே அந்த நாட்டு மேப்பை இறக்கிடுங்க, அப்புறம் ஏர்பிளேன் மோட் போட்டுட்டு ஹோட்டல்லேர்ந்து ஏர்போர்ட்டுக்கு ஒரு தடவை ரூட் வருதான்னு பாருங்க.