நாக்கு ஸ்கேன் செட்: யாருக்கு உதவும், யாருக்கு உதவாது

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாக்கின் நடுவும் பின்பக்கமும் ஒரு மெய்யொலியில் எப்படி வளைகின்றன என்று பார்க்க வேண்டுமா? தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகக்கூடிய கருவிகளில், பேசும்போது நாக்கைப் படம்பிடிக்கும் இந்த அல்ட்ராசவுண்ட் செட்டுக்கு இணை இல்லை. நாக்கு நுனிதான் உங்கள் ஆய்வா? அப்படியானால் இதை மட்டும் நம்பிக் காசைப் போடாதீர்கள். விளம்பரத் தாளில் முதல் வரி பெரிய எழுத்தில் இருக்கும். இரண்டாவதைத் தேடினாலும் கிடைக்காது.

ஸ்காட்லாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் ஒலியியல் ஆய்வுக்கூடத்தில் கருவிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சொந்த ஊர் தென்காசிப் பக்கம். ஆராய்ச்சி செய்வது மற்றவர்கள், ஒயர் மாட்டுவது, ஜெல் தடவுவது, "ஏன் படம் வரவில்லை?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வது நான். அதனால் இதை ஆய்வாளரின் மதிப்புரையாக எடுத்துக்கொள்ளாமல், செட்டைத் தூக்கிச் சுமந்தவனின் மதிப்புரையாகப் படியுங்கள். கம்பெனிப் பெயர் வேண்டாம். இந்த ரகத்தில் கிடைப்பவை எல்லாமே ஏறக்குறைய ஒரே மாதிரிதான்.

செட்டில் வருவது இவ்வளவுதான்: லேப்டாப்பின் யுஎஸ்பியிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் ஒரு சின்னப் பெட்டி, தாடைக்கு அடியில் வைக்கிற வளைந்த முகப்புள்ள புரோப், அதை நகராமல் பிடித்துக்கொள்ளும் ஹெட்செட், மைக், மென்பொருள். வயிற்றில் ஸ்கேன் எடுக்கும் அதே வித்தைதான். தாடைக்கு அடியிலிருந்து ஒலியலை மேலே போகிறது. நாக்குத் தசையைக் கடந்து, நாக்கின் மேற்பரப்பில் காற்றைத் தொட்டதும் திரும்பி வருகிறது. திரையில் அது ஒரு வெள்ளை வளைகோடாகத் தெரியும். அந்தக் கோடுதான் நாக்கின் முதுகு. ஊசி கிடையாது, கதிர்வீச்சு கிடையாது, வாய்க்குள் எதுவும் போகாது. 1960-களின் கடைசியிலேயே பேச்சு ஆய்வுக்கு இந்த முறையை முயன்றிருக்கிறார்கள். ஆனால் கையில் தூக்கிக்கொண்டு மொழி பேசுபவரின் வீட்டுக்கே போகலாம் என்ற நிலை இந்த நூற்றாண்டில்தான் வந்தது.

நான் இதைக் கொண்டுபோனது ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் ஒன்றான லூயிஸுக்கு. கரையில் உல்லாபூலில் கப்பல் ஏறினால் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் ஆகும், தீவின் துறைமுக ஊரான ஸ்டோர்னவே வர. ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக் இன்னும் வீட்டுப் பேச்சாக இருக்கும் இடங்களில் அது ஒன்று. 2022 கணக்கெடுப்பில் நாடு முழுக்க 1,30,000 பேர் கேலிக் கொஞ்சமாவது தெரியும் என்று சொன்னார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மேற்குத் தீவுகளில் பேசத் தெரிந்தவர்கள் 2011-இல் பாதிக்குச் சற்று மேல் இருந்தார்கள். 2022-இல் பாதிக்குக் கீழே போய்விட்டார்கள். பள்ளிக்கூடத்தில் படித்துக் கற்றவர்கள் நகரங்களில் கூடுகிறார்கள், அம்மா மடியில் கற்றவர்கள் தீவுகளில் குறைகிறார்கள். எண்ணிக்கை கூடும்போதே மொழி மெலிவது இப்படித்தான்.

கேலிக்கில் லகரம் மூன்று வகை. நமக்கும் ல, ள, ழ என்று மூன்று இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். நம் மூன்றில் வேறுபாடு நாக்கு நுனி எங்கே போகிறது, எப்படி மடிகிறது என்பதில். அவர்கள் மூன்றில் முக்கிய வேறுபாடு நாக்கின் உடம்பில். சுவர் என்பதற்கு 'பல்ல' என்கிறார்கள்; அந்த லகரத்தில் நுனி பல்லைத் தொட, நாக்கின் பின்பக்கம் மேலே எழும்பும். ஊர் என்பதற்கு 'பல' மாதிரி ஒன்று. அதில் சாதாரண லகரம். கிழவி என்பதற்கு 'கல்யஃ' மாதிரி. அதில் நாக்கின் நடுப்பகுதி அண்ணத்தை நோக்கிக் குவியும். தமிழ் எழுத்தில் இதற்கு மேல் என்னால் காட்ட முடியாது. நகரத்துக்கும் ரகரத்துக்கும்கூட இப்படி மூன்று மூன்று. லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கேலிக்கின் இந்த ரகரங்களை இதே முறையில் படமெடுத்து 2022-இல் கட்டுரையாக வெளியிட்டிருக்கிறார்கள்.

இந்த மாதிரி மொழிக்கு இந்தக் கருவி அளவெடுத்துத் தைத்த சட்டை.

தீவின் வடகோடியில், நெஸ் பக்கம் ஒரு பாட்டியின் வீட்டில் செட்டைப் போட்டோம். சமையலறை மேசையில் லேப்டாப், அடுப்பில் கெட்டில். ஜெல் சில்லென்று இருக்கும் என்பதால் புரோபில் தடவி உள்ளங்கையில் சற்றுப் பொத்திவைத்து அப்புறம்தான் தாடைக்கு வைப்பேன். திரையில் வெள்ளைக் கோடு அசைந்ததும் பாட்டி பேச்சை நிறுத்தினார், கோடும் நின்றது. சும்மா நாக்கைச் சுழற்றினார், கோடு துள்ளியது. "இது என்னுடையதா?" என்று கேட்டுவிட்டு, எழுதிக்கொடுத்த பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு இஷ்டத்துக்குச் சொற்களைச் சொல்லிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். தடுக்கவில்லை. சுவருக்கான சொல்லில் கோட்டின் பின்பக்கம் மேடாகி நடு பள்ளமானது. கிழவிக்கான சொல்லில் முன்பக்கம் முழுக்கக் குவிந்து எழுந்தது. இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிச் சிரித்தார். கிளாஸ்கோவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த பேத்திக்கும் அதே சொற்கள். அவள் கேலிக் வழிப் பள்ளியில் படிப்பவள், சரளமாகப் பேசுகிறாள். கிழவிச் சொல்லில் பாட்டியும் பேத்தியும் ஒன்றுபோல. சுவர்ச் சொல்லிலும் ஊர்ச் சொல்லிலும் பேத்தியின் கோடு அவ்வளவாக மாறவில்லை. காதுக்கு இந்த வித்தியாசம் பிடிபடாமல் போகலாம், எனக்குப் பிடிபடவில்லை. திரையில் தெரிந்தது. ஒரு குடும்பத்தை வைத்து மொழியைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது, ஆனால் கருவி எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது அந்த இரண்டு கோடுகளைத்தான்.

சரி, குறைகளுக்கு வருவோம்.

தாடை எலும்பு ஒலியலையை மறைக்கும். அதனால் படத்தின் முன்கோடியில் ஒரு கறுப்பு நிழல், அதற்குள் நாக்கு நுனி மாட்டிக்கொள்ளும். பின்கோடியில் நாவடி எலும்பின் நிழல். இது போதாதென்று, நுனி மேலே தூக்கும்போது அதற்கு அடியில் காற்று புகுந்துவிடும். ஒலியலை அந்தக் காற்றிலேயே முட்டித் திரும்பிவிடுவதால் அதற்கு மேலே உள்ளது எதுவும் தெரியாது. ஊரை விட்டு வந்தவனாயிற்றே, செட்டை வாங்கியதும் நான் செய்த முதல் காரியம் புரோபைத் தாடையில் வைத்து 'மழை', 'பழம்', 'கிழவி' என்று சொல்லிப் பார்த்ததுதான். ழகரம் வரும் இடத்தில் கோட்டின் முன்பாதி கரைந்துபோகிறது. பின்பாதி மட்டும் பவ்வியமாக அசைந்துகொண்டிருக்கும். உலகத்துக்கே நாம் பெருமையடித்துக்கொள்ளும் எழுத்து, இந்தக் கருவியில் பாதிதான் விழுகிறது. தமிழின் ல, ள, ழ, ர, ற ஐந்தையும் நாராயணன், பேர்ட், கான் மூவரும் ஆராய்ந்து 1999-இல் எழுதிய கட்டுரைக்கு எம்ஆர்ஐயும் நாக்கில் சின்னச் சின்ன சென்சார் ஒட்டும் காந்தமுறையும் தேவைப்பட்டன. எம்ஆர்ஐ இயந்திரத்தைக் கப்பலில் ஏற்றி யார் வீட்டுக்கும் கொண்டுபோக முடியாது.

அண்ணமும் படத்தில் வராது. நாக்கு எதைத் தொடுகிறது என்று தெரியாமல் நாக்கை மட்டும் பார்ப்பது அரைகுறை வேலை. அதற்கு ஒரு வழி உண்டு: ஒரு வாய் தண்ணீரைக் கொடுத்து விழுங்கச் சொல்ல வேண்டும். தண்ணீர் வழியாக அலை போய் அண்ணத்தில் பட்டுத் திரும்பும், அந்தக் கணத்தில் கோடு கிடைக்கும். ஒவ்வொருவருக்கும் தொடக்கத்திலும் முடிவிலும் எடுத்துவைப்பது நல்லது. ஹெட்செட் இடையில் நழுவியதா என்று அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

ஹெட்செட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய அலுமினிய ஹெல்மெட்டை மாட்டினால் கொஞ்ச நேரத்தில் பேசுபவர் முகம் சுருங்கிவிடும். வயதானவர்களிடம் அதைக் காட்டவே கூச்சமாக இருக்கும். இப்போது 3டி அச்சில் செய்யும் 'அல்ட்ராஃபிட்' வகை வந்திருக்கிறது. 2018-இல் அதன் வடிவமைப்பைப் பற்றிக் கட்டுரை வந்தது. எடை குறைவு, உலோகம் இல்லை, தாடை அசைவதைத் தடுப்பதில்லை. செட்டில் எதற்குச் சிக்கனம் பிடித்தாலும் இதற்குப் பிடிக்க வேண்டாம். மொழியின் கடைசித் தலைமுறை என்றால் பெரும்பாலும் எழுபது, எண்பது வயதுக்காரர்கள். கழுத்து வலித்தால் அவர்கள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், அடுத்த நாள் கதவைத் திறக்க மாட்டார்கள். தாடிக்காரர்கள் வந்தால் ஜெல்லைத் தாராளமாகக் கொட்டுங்கள். முடிக்கிடையில் காற்று தங்கினால் படம் மங்கிவிடும். ஜெல் வாங்கும்போது பெரிய டப்பாவாக வாங்குங்கள். தீவில் ஞாயிற்றுக்கிழமை கடை தேடி அலைவது வேலைக்காகாது. 2009 வரை ஸ்டோர்னவேக்கு ஞாயிறன்று கப்பலே விட்டதில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரி இயந்திரத்தின் வீடியோவை அப்படியே பதிந்தால் நொடிக்கு 25 அல்லது 30 படம்தான். நாக்கு ஒரே ஒருமுறை தட்டிவிட்டு இறங்கும் ரகரத்துக்கு 20, 30 மில்லிநொடி போதும். இரண்டு படத்துக்கு நடுவில் அது வந்துபோயிருக்கும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. இந்தப் பெட்டி நொடிக்கு 80 படத்தைச் சுற்றி எடுக்கிறது. கோணத்தையும் ஆழத்தையும் குறைத்தால் அதற்கு மேலும் போகும். குரலும் படமும் ஒன்றுக்கொன்று முந்தாமல் பிந்தாமல் பதிவாவதும் இந்தப் பெட்டியில்தான். கைபேசியில் செருகும் மலிவு புரோப்களை வாங்கி வேலையை முடித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு விஷயத்தில் மாட்டிக்கொள்வார்கள். படம் அழகாக வரும், குரலோடு பொருந்தாது. முழு செட்டின் விலை பல ஆயிரம் பவுண்டு, அதனால் ஆசை வருவது இயல்புதான்.

மென்பொருள் கோட்டைத் தானே பிடித்து வரைந்து கொடுக்கிறது. முன்பெல்லாம் மாணவர்கள் ஒவ்வொரு படமாக மவுசால் வரைந்து கண் கெட்டார்கள். இப்போது இயந்திரக் கற்றல் வந்தபின் அந்தக் கஷ்டம் பெரிய அளவில் குறைந்துவிட்டது. நிழல் விழும் இடத்தில் மட்டும் அது தன்னிஷ்டத்துக்குக் கோடு இழுக்கும், நம்பிவிட வேண்டாம்.

மேற்குக் கனடாவில், வான்கூவர் தீவுப் பகுதியின் சென்சோதன் மொழிக்கு இதே முறையில் எடுத்த நாக்குப் படத்தைப் பேசுபவரின் முகத்தின் மேல் பொருத்தி உச்சரிப்புப் பாடங்களாகச் செய்திருக்கிறார்கள். அந்த மொழியில் வழக்கமான ககரத்தோடு, அதற்கும் பின்னால் உள்நாக்கருகே பிறக்கும் இன்னொரு ககரமும் உண்டு. காதால் பிரிக்கத் திணறும் மாணவருக்குக் கண்ணால் காட்டிவிடலாம். இதுவும் நாக்கின் உடம்பு சார்ந்த விஷயம் என்பதைக் கவனியுங்கள். கருவிக்குத் தோதான மொழியில் அது சொக்கத் தங்கம்.

"அப்படியானால் ஊட்டிக்குக் கொண்டுபோய்த் தோடர் மொழியைப் பதியலாமே?" என்று ஊரில் படிக்கும் பிள்ளைகள் கேட்கிறார்கள். ஆசை எனக்கும் உண்டு. ஆயிரத்துச் சொச்சம் பேர் மட்டும் பேசும் அந்த மொழியில் நாக்கு துடிக்கும் ரகரங்களே மூன்று இடங்களில் பிறக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் யகரச் சாயல் ஏறிய இணை ஒன்று, ஆக ஆறு. ஸ்பாயிச், லடிஃபோகட், பாஸ்கரராவ் மூவரும் 1996-இல் எழுதிய கட்டுரை இதைப் பற்றியதுதான். என் கணிப்பு இது: யகரச் சாயல் ஏறியதா இல்லையா என்பதை இந்த செட் நன்றாகவே காட்டும், அது நாக்கு முதுகின் வேலை. மூன்று இடங்களில் எது என்பதில் திணறும், அது நுனியின் வேலை. அதற்கு நாக்கில் கரியும் ஆலிவ் எண்ணெயும் குழைத்துத் தடவி, சொல்லச் சொல்லி, அண்ணத்தில் எங்கே கரி ஒட்டியது என்று கண்ணாடி வைத்துப் படமெடுக்கும் பழைய முறையே இன்றும் மேல். செலவு ஐம்பது ரூபாய்.

அதற்கு முன்னால் சட்டம் ஒன்று இருக்கிறது. கருவில் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இந்தியாவில் பதிவு பெறாதவர்களுக்கு ஸ்கேன் இயந்திரத்தை விற்பதே தவறு. நாக்குக்குத்தான் என்று நீங்கள் சத்தியம் செய்தாலும் வயிற்றில் வைத்தால் வயிறும் தெரியும் அல்லவா? தூக்கிச்செல்லும் ரகத்துக்கு 2012-இல் விதிகள் இன்னும் இறுகின. காரணத்தோடு வந்த கெடுபிடி, குறை சொல்லத் தோன்றவில்லை. ஆகவே வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்துவிடலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். மைசூரில் உள்ள அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் டொரன்டோ பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து கன்னட டகர ஒலிகளை இதே முறையில் ஆராய்ந்து 2014-இல் எழுதியிருக்கிறார்கள். முறையான பதிவுள்ள அப்படி ஓர் இடத்தோடு சேர்ந்து, பேசுபவர்களுக்குப் போக்குவரத்துச் செலவும் நாள் கூலியும் கொடுத்து அங்கே அழைத்துவருவதுதான் இப்போதைக்கு நடக்கக்கூடிய வழி. மானியத்துக்கு விண்ணப்பம் எழுதும்போது செட்டின் விலைக்குப் பதிலாக அந்தச் செலவைப் போட்டுவிடுங்கள்.