பரங்கிக் கொடியை மண்ணால் மூடுவதா, வைக்கோலில் படரவிடுவதா?

கடலூர்ப் பக்கம் ராட்சதப் பரங்கி வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் தடுமாறுவது கொடியில்தான்.

கணுக்களை மண் போட்டு மூடினால் ஒவ்வொன்றிலும் புது வேர் இறங்கும். காய்க்குத் தண்ணீரும் சத்தும் கூடுதலாகப் போகும். அடித்தண்டு அழுகினாலும் கொடி உடனே செத்துவிடாது. கடற்காற்று கொடியைப் புரட்டாமல் பிடித்துக்கொள்வதும் அந்த வேர்தான். தேவனாம்பட்டினம் போன்ற மணற்பாங்கான இடம் என்றால் யோசிக்காமல் மூடுங்கள் என்பேன்.

ஆனால் காய் பெருக்கப் பெருக்க அதன் தோள் கொடியை மேலே தள்ளும். அதனால் காய்க்கு இருபுறமும் இரண்டு மூன்று கணுக்களை மூடாமல் விடுங்கள்; அங்கே தானாக இறங்கிய வேரையும் வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் காம்பு பிய்ந்துவிடும். மூன்று மாத உழைப்பு ஒரே நாளில் போவதைப் பார்க்க மனசு தாங்காது.

நீர் தேங்கும் களிமண்ணுக்கு வைக்கோல்தான் சரி. ஈர மண்ணில் புதைந்த தண்டு சீக்கிரம் அழுகும். வைக்கோல் மேல் கிடந்தால் அழுகல் கண்ணுக்குத் தெரியும், சுரண்டிக் காயவிடலாம். கொடி உருளாமலிருக்க சவுக்குக் குச்சிகளைக் குறுக்காக ஊன்றுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையை இரண்டு முறையுமே தாங்காது. தைப் பட்டத்தில் விதையுங்கள். அப்புறம், 2023இல் 1,247 கிலோ எடையில் உலகச் சாதனை படைத்த காய், கனடாவில் உருவான அட்லாண்டிக் ஜெயன்ட் வம்சம். நம் வெயிலில் அந்த எடையை எதிர்பார்க்க வேண்டாம்.