மஞ்சள் பின்தான் பெரியவர்: பழைய டிவிடி–விசிஆர் காம்போவும் இன்றைய டிவியும்

கல்யாண கேசட்டும் ஓட வேண்டும், அலமாரியில் கிடக்கும் டிவிடி தட்டுகளும் ஓட வேண்டும், இரண்டுக்கும் சேர்த்து ஒரே பெட்டி போதும் என்பவர்களுக்காக வந்ததுதான் டிவிடி–விசிஆர் காம்போ. சோனி, சாம்சங், எல்ஜி, பானாசோனிக் என்று பெரிய கம்பெனிகள் எல்லாம் ஒரு காலத்தில் போட்டி போட்டுக்கொண்டு விற்றன. இப்போது புதிதாக யாரும் செய்வதில்லை. கடைசிவரை விசிஆர் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையோடு கடையைக் கட்டிவிட்டது. ஆகவே இன்று கைக்குக் கிடைப்பது பரணிலிருந்து இறக்கிய டெக் (இந்தக் காம்போ பெட்டியைத்தான் இங்கே அப்படிச் சொல்கிறேன்), அல்லது யாரோ விற்கும் பழைய டெக். அதை இன்றைய தட்டை டிவியில் மாட்டினால் என்ன வரும், எது வராது, காசு கொடுத்து வாங்கத் தகுமா என்பதுதான் இங்கே பேச்சு.

இந்தப் பெட்டியைப் பற்றி முதலில் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. வெளியே ஒரு பெட்டி. உள்ளே ஒரு கூரையின் கீழ் இரண்டு குடித்தனம். டிஸ்க் பகுதிக்குத் தனி சர்க்யூட், கேசட் பகுதிக்குத் தனி சர்க்யூட். இரண்டுக்கும் பொதுவான வாசல் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்ற மூன்று சாக்கெட் மட்டுமே. மஞ்சள் படத்துக்கு, வெள்ளையும் சிவப்பும் ஒலிக்கு. பின்பக்கம் பச்சை, நீலம், சிவப்பு என்று, படத்தை மூன்றாகப் பிரித்து அனுப்பும் கம்போனென்ட் சாக்கெட்டுகள் பளபளவென்று இருக்கும். பக்கத்தில் எஸ்-வீடியோ இருக்கும், டிஜிட்டல் ஆடியோ இருக்கும். சோனியின் எஸ்எல்வி-டி வரிசை போன்ற பெரும்பாலான காம்போக்களில் இவையெல்லாம் டிஸ்க்குக்கு மட்டும்தான். சாக்கெட்டுக்கு மேலே பொடி எழுத்தில் ‘டிவிடி ஒன்லி’ என்று எழுதியே இருக்கும். டார்ச் அடித்துப் படிப்பவர் குறைவு. ‘டிவிடி பிரமாதமாக ஓடுகிறது, கேசட் போட்டால் மட்டும் கறுப்பு’ என்ற புகாருக்கு முக்கால்வாசி இதுவே காரணம். டெக்கில் பழுது எதுவும் இருக்காது. மஞ்சள் பின்னை மாட்டியிருக்க மாட்டார்கள்.

ஒலியிலும் இதே கதைதான். ஹோம் தியேட்டருக்கு டிஜிட்டல் ஒயர் மட்டும் போட்டிருந்தால் டிஸ்க் முழங்கும், கேசட் ஊமையாகிவிடும். வெள்ளை, சிவப்பு ஒயரையும் சேர்த்துப் போட்டால்தான் கேசட் பேசும்.

இன்னொரு பொறி: மஞ்சள்–வெள்ளை–சிவப்பு வரிசை பின்னால் இரண்டு முறை இருக்கும். ஒன்று ‘இன்’, இன்னொன்று ‘அவுட்’. டிவிக்குப் போவது அவுட். இருட்டில் கையைவிட்டுத் துழாவி மாட்டினால் இன்னில் போய் உட்கார்ந்துகொள்ளும். எத்தனை பட்டனை அமுக்கினாலும் திரையில் ஒன்றும் வராது.

டிவி பக்கம் வந்தால் நாலு விதமான நிலைமை. மஞ்சள் சாக்கெட் இருந்தால் கவலையே இல்லை, நிறத்துக்கு நிறம் சேர்த்துவிட வேண்டியதுதான். சில டிவிகளில் மஞ்சளே இருக்காது. பச்சை சாக்கெட்டைச் சுற்றி மஞ்சள் வளையம் இருக்கும், அல்லது பக்கத்தில் ‘ஒய்/வீடியோ’ என்று எழுதியிருக்கும். அங்கே டெக்கின் மஞ்சள் பின்னை அந்தப் பச்சையில்தான் செருக வேண்டும். பிறகு ரிமோட்டில் சோர்ஸாக ‘ஏவி’யைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘கம்போனென்ட்’ என்று தேர்ந்தெடுத்தால் படம் நிறமில்லாமல் கறுப்பு வெள்ளையில் வரும், அல்லது வரவே வராது. இந்த மாதிரிப் பொதுச் சாக்கெட் உள்ள டிவியில் மஞ்சளையும் கம்போனென்டையும் ஒரே நேரத்தில் மாட்டிவைக்க முடியாது. கேசட் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் மஞ்சளோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

மூன்றாவது வகை, இயர்போன் துளை மாதிரி ஒரே ஒரு 3.5 மி.மீ. துளை. அதற்கு டிவியோடு ஒரு குட்டி ஒயர் தந்திருப்பார்கள். ஒரு முனையில் மூன்று கறுப்பு வளையம் போட்ட பின், மறுமுனையில் மூன்று நிறச் சாக்கெட். அது தொலைந்துபோய்க் கடையில் வேறொன்று வாங்கினால் தகராறு இங்கேதான் தொடங்கும். பார்ப்பதற்கு எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், உள்ளே எர்த்தும் வீடியோவும் எந்த வளையத்தில் வருகிறது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். படம் வராமல் ஸ்பீக்கரில் ‘கர்ர்’ என்று இரைச்சல் கேட்டால், வீடியோ சிக்னல் ஆடியோ வழியில் போகிறது என்று அர்த்தம். மஞ்சள் பின்னைச் சிவப்பு, வெள்ளைச் சாக்கெட்டுகளில் ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். பாதிச் சமயம் சரியாகிவிடும். எர்த்தே இடம் மாறியிருந்தால் எந்த மாற்றமும் உதவாது. அந்த டிவிக்கு உரிய ஒயரைத் தேடித்தான் வாங்க வேண்டும்.

நாலாவது வகையில் எச்டிஎம்ஐ தவிர வேறு எதுவுமே இருக்காது. இதற்கு ஏவி–எச்டிஎம்ஐ கன்வெர்ட்டர் வேண்டும். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி. சென்னை ரிச்சி தெருவிலும் ஆன்லைனிலும் சாதாரணமாகக் கிடைக்கிறது. வாங்கும்போது இரண்டு விஷயத்தில் ஏமாறாமல் இருந்தால் போதும். முதலாவது திசை. ஏவியை எச்டிஎம்ஐ ஆக்குவதும் எச்டிஎம்ஐயை ஏவி ஆக்குவதும் அண்ணன் தம்பி போல ஒரே தோற்றம். மேலே எழுதியிருப்பதைப் படித்து, ‘ஏவி’ உள்ளே போய் ‘எச்டிஎம்ஐ’ வெளியே வருவதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். இரண்டாவது, ஒரு முனையில் எச்டிஎம்ஐ பின்னும் மறுமுனையில் மூன்று நிறப் பின்னுமாக வெறும் ஒயர் ஒன்றை விற்பார்கள். விலை மலிவு. அது இந்த வேலைக்கு ஆகவே ஆகாது. ஒன்று அனலாக், இன்னொன்று டிஜிட்டல். நடுவில் மாற்றிக் கொடுக்க ஒரு சிப் இல்லாமல் வெறும் செம்புக் கம்பி என்ன செய்யும்?

கன்வெர்ட்டருக்கு 5 வோல்ட் மின்சாரம் வேண்டும். டிவியின் யூஎஸ்பியிலிருந்து எடுக்கலாம், ஆனால் படம் விட்டு விட்டு வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். பழைய போன் சார்ஜர் ஒன்றில் மாட்டிவிடுங்கள். பக்கவாட்டில் 720, 1080 என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். 1080-இல் தள்ளினால் கேசட் எச்டி ஆகிவிடும் என்று நினைக்க வேண்டாம். விஎச்எஸ் கேசட்டில் பதிவாகியிருக்கும் கிடைமட்ட விவரமே ஏறக்குறைய 240 கோடுகள்தான். இல்லாததை எந்தப் பெட்டியும் கொண்டுவராது. இதே காரணத்தால்தான் கேசட்டுக்கு மஞ்சள் ஒயர் ஒரு குறையே இல்லை. டிஸ்க்குக்கு மட்டும் வித்தியாசம் தெரியும்: மஞ்சளில் எழுத்துகளின் ஓரம் எறும்பு ஊர்வதுபோல நெளியும், கம்போனென்டில் அது மறைந்து கூர்மையாகும். டிவியில் தனிக் கம்போனென்ட் வரிசை இருந்தால் மாட்டுங்கள். அப்போது சிவப்புப் பின் இரண்டு வரும், ஒன்று படத்துக்கு, ஒன்று ஒலிக்கு. மாறிப்போனால் முகமெல்லாம் பச்சை பூத்துவிடும்.

மாட்டும் வரிசையில் பெரிய ரகசியம் இல்லை. டெக், டிவி இரண்டையும் பிளக்கிலிருந்து கழற்றிவிட்டு, டெக்கின் அவுட்டிலிருந்து டிவிக்கோ கன்வெர்ட்டருக்கோ மூன்று ஒயர். பிறகு டிவியில் சரியான சோர்ஸ். கடைசியாக டெக்கின் முகப்பில் இருக்கும் டிவிடி/விசிஆர் பட்டன். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மஞ்சள் வாசல் பொது என்பதால் யார் வெளியே வர வேண்டும் என்று இந்தப் பட்டன்தான் சொல்லும். முதல் சோதனைக்கு டிஸ்க்கும் வேண்டாம், கேசட்டும் வேண்டாம். டிவிடி பக்கம் வைத்தால் கம்பெனிப் பெயர் திரையில் வரும். அது வந்தால் ஒயர் சரி. டிஸ்க் பக்கம் மட்டும் படம் உடைந்தோ உருண்டோ வந்தால், யாரோ புரோகிரஸிவ் ஸ்கேனை (படத்தின் கோடுகளை எல்லாம் ஒரே தடவையில் அனுப்பும் முறையை) ஆன் செய்து வைத்திருப்பார்கள். அது கம்போனென்டுக்கு மட்டுமே உரியது, அணைத்துவிடுங்கள்.

டெக்கிலிருந்து மஞ்சள் ஒயரை இன்னொரு பழைய விசிஆர் வழியாகச் சுற்றி டிவிக்குக் கொண்டுபோகாதீர்கள். கம்பெனி டிஸ்க்குகளில் இருக்கும் மேக்ரோவிஷன் என்ற காப்பித் தடுப்பு நடுவிலுள்ள விசிஆரைக் குழப்பும். படம் மங்கி மங்கிப் பிரகாசிக்கும். அதே காரணத்தால்தான் அந்த டிஸ்க்கைக் காம்போவிலேயே கேசட்டுக்குக் காப்பி எடுக்கவும் முடியாது.

இனி படத்தின் தரம். தட்டை டிவியில் கேசட்டைப் பார்த்ததும் பலருக்கு முகம் வாடும். கீழ் ஓரத்தில் கிழிந்த துணிபோல ஒரு பட்டை ஆடும். அது பழுதல்ல. டெக்கின் உள்ளே சுழலும் உருளைதான் டிரம், அதில் இருந்து நாடாவைப் படிக்கும் முனைதான் ஹெட். ஒரு ஹெட்டிலிருந்து இன்னொரு ஹெட்டுக்கு மாறும் இடம் அது. பழைய பிக்சர் டியூப் டிவி ஓரங்களைச் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிட்டதால் அப்போது யாரும் பார்க்கவில்லை. டிவி மெனுவில் ‘ஓவர்ஸ்கேன்’ இருந்தால் போட்டுவிடுங்கள், மறைந்துவிடும். படத்தின் மேல்பகுதி கொக்கிபோல வளைந்தால் நாடா இழுபட்டிருக்கிறது அல்லது டிராக்கிங், அதாவது ஹெட் நாடாவின் தடத்தோடு பொருந்துவது, சரியில்லை. ஓடும்போதே சேனல் மேல்–கீழ் பட்டனை அழுத்தி டிராக்கிங்கைத் திருத்தலாம். பழைய டியூப் டிவி கோணலான சிக்னலைக்கூடப் பொறுத்துக்கொண்டு காட்டும். இன்றைய டிவியும் மலிவு கன்வெர்ட்டரும் அப்படியல்ல, கொஞ்சம் தடுமாறினாலே ‘நோ சிக்னல்’ என்று திரையை நீலமாக்கிவிடும். டெக்கின் மெனுவிலும் ‘புளூ பேக்’ என்று ஒன்று இருந்தால் அதை அணைத்து வையுங்கள். தேய்ந்த கேசட்டில் இதனாலேயே பல காட்சிகள் பிழைத்துக்கொள்ளும்.

மாப்பிள்ளை, பெண், புரோகிதர் எல்லாரும் குண்டாகத் தெரிந்தால் டிவியில் பட அளவை 4:3 ஆக்குங்கள். கேசட் பதிவு அந்த அளவில்தான். ஒலி கரகரத்தால் டெக்கின் ஆடியோ பட்டனில் ஹை-ஃபையிலிருந்து மோனோவுக்கு மாற்றுங்கள். அந்த மோனோ ஒலி நாடாவின் ஓரத்தில் தனியாகப் பதிவாகியிருக்கும்.

வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் அனுப்பிய கேசட் என்றால் தனிக் கவனம் வேண்டும். படத்தைப் பதியும் முறை நாட்டுக்கு நாடு மாறும். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா எல்லாம் பால் (PAL) முறை. கனடாவும் அமெரிக்காவும் என்டிஎஸ்சி. பாரிஸில் பதிந்தது செகாமாக இருக்கக்கூடும். அது பால் டெக்கில் நிறமிழந்து கறுப்பு வெள்ளையில் ஓடும். நம் பக்கம் விற்ற பல காம்போக்கள் என்டிஎஸ்சி கேசட்டையும் ஓட்டும், முகப்பிலோ கையேட்டிலோ குறித்திருப்பார்கள். டொரான்டோவில் வாங்கிய டெக் அப்படியல்ல. அது என்டிஎஸ்சியை மட்டும் அறிந்தது, நம்மூர்க் கல்யாண கேசட்டைப் போட்டால் படம் உருண்டுகொண்டே போகும். அதோடு அது 120 வோல்ட் பெட்டி. அப்படியே 230-இல் செருகினால் அந்த நொடியே சப்ளை போய்விடும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும்; எத்தனை வாட் என்று பின்னால் உள்ள லேபிளைப் பார்த்து, அதைப்போல இரண்டு மடங்கு தாங்குவதாக வாங்குங்கள். டிஸ்க்குக்கும் பிராந்திய எண் உண்டு. இந்தியா, இலங்கை 5. சிங்கப்பூர், மலேசியா 3. அமெரிக்கா, கனடா 1. எண் பொருந்தாத கம்பெனி டிஸ்க்கை ஓட்ட டெக் மறுத்துவிடும். வீட்டில் எழுதிய டிஸ்க்குக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஒயரெல்லாம் மாட்டியாயிற்று என்று கேசட்டை உடனே உள்ளே தள்ளாதீர்கள். மூடியைத் திறந்து நாடாவைப் பாருங்கள். சுருளின் மேல் வெள்ளைப் பொடியோ நூலாம்படை மாதிரியோ தெரிந்தால் அது பூஞ்சை. கடலோர ஊர்களில் பீரோவில் கிடந்த கேசட்டுகளில் சர்வசாதாரணம். அதை ஒருமுறை ஓட்டினால் ஹெட் அடைத்துக்கொள்ளும், அடுத்து போடும் நல்ல கேசட்டுக்கும் ஒட்டிக்கொள்ளும். சுத்தம் செய்து தரும் ஆளிடம்தான் அதைக் கொடுக்க வேண்டும். நல்ல நிலையில் இருக்கும் கேசட்டையும் முதலில் கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றிவிட்டுப் பிறகு பாருங்கள். பல வருடம் இறுகிக் கிடந்த நாடா அப்போதுதான் இளகும். ஏசி அறைக்கும் வெளிப் புழுக்கத்துக்கும் மாறிய டெக்கை இரண்டு மணி நேரம் சும்மா விடுங்கள். டிரம்மில் ஈரம் கோத்திருந்தால் நாடா ஒட்டிச் சிக்கிக்கொள்ளும்.

திரை முழுக்கப் பனி கொட்டினால் ஹெட் அழுக்கு. 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் விடாத துணியை டிரம்மின்மேல் அசையாமல் பிடித்து, டிரம்மை மட்டும் மேல் விளிம்பில் விரல் வைத்து மெல்லச் சுழற்ற வேண்டும். மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட் முறியும். அது முறிந்தால் இன்று கிடைக்காது. காது குடையும் பஞ்சுக் குச்சி கூடவே கூடாது. செய்வதற்கு முன் பிளக்கைக் கழற்றுங்கள்.

பழைய காம்போ வாங்கப் போகிறவர் கையோடு ஒரு கேசட், அதுவும் போனாலும் பரவாயில்லை என்கிற கேசட், ஒரு டிஸ்க், ஒரு மஞ்சள் ஒயர் கொண்டுபோக வேண்டும். கேசட்டை விழுங்குகிறதா, பிளே பத்து நிமிடம் நிற்கிறதா, ரிவைண்ட் கடைசிவரை ஒரே வேகத்தில் போகிறதா, வெளியே எடுத்த நாடாவில் மடிப்போ ஓரக் கசங்கலோ இருக்கிறதா என்று பாருங்கள். ரிவைண்ட் திணறினால் ரப்பர் பெல்ட்டோ ஐட்லர் என்ற சுழல் சக்கரமோ தேய்ந்திருக்கும், மாற்றலாம். நாடா கசங்கினால் வேண்டாம், வந்துவிடுங்கள். டிஸ்க்கைப் படிக்கவில்லை என்றால் லென்ஸ் போயிருக்கலாம். அதைச் சொல்லி விலையைக் குறைத்து வாங்கலாம், ஏனென்றால் தனி டிவிடி பிளேயர் மலிவாகவே கிடைக்கிறது. ரிமோட் இல்லாத பெட்டியைத் தள்ளுபடிக்குக்கூட எடுக்காதீர்கள். பல மாடல்களில் மெனு, ஆடியோ, புரோகிரஸிவ் எல்லாம் ரிமோட்டில் மட்டுமே இருக்கும்.

காம்போவின் பெரிய பலவீனம் இரு குடித்தனத்துக்கும் ஒரே மின் சப்ளை என்பது. அது போனால் இரண்டும் சேர்ந்து படுக்கும். அதனால் கேசட்டுகள் மட்டுமே இருப்பவருக்குத் தனி விசிஆர் நல்லதாகக் கிடைத்தால் அதுவே மேல். டிஸ்க் மட்டும் இருப்பவருக்கு இந்தப் பெட்டி தேவையே இல்லை. இரண்டும் இருந்து, டிவி அலமாரியில் இடம் குறைவு, வாங்கும் டெக் மேலே சொன்ன சோதனையில் தேறிவிட்டது என்றால் தாராளமாக எடுக்கலாம். கன்வெர்ட்டர் வாங்கும்போதே அதே கடையில் ஒன்றரை மீட்டர் மஞ்சள்–வெள்ளை–சிவப்பு ஒயரும் புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள். டெக்கோடு வரும் பழைய ஒயரின் பின் பச்சைக் களிம்பு பூத்திருக்கும்.