அப்பாவின் பழைய மியூசிக் சிஸ்டத்துக்குள் ஒரு புது ஆம்ப்ளிஃபயர் போர்டு: மூன்று மாத அனுபவம்

அப்பாவின் மியூசிக் சிஸ்டத்தில் கேசட் ஓடாமல் போய்ப் பல வருடமாகிறது. ரேடியோ மட்டும் கொஞ்ச காலம் பாடிக்கொண்டிருந்தது. போன வருடம் ஒலியைப் பெருக்கும் சிப்பான ஆம்ப்ளிஃபயர் ஐசி வெந்து, போர்டே கறுத்துப்போனதும் அதுவும் அடங்கிவிட்டது. பழைய இரும்புக்குப் போடு என்றார்கள் வீட்டில். எனக்கு மனசு வரவில்லை. ஸ்பீக்கர் பெட்டி இரண்டும் கனமான மரம், வூஃபரைச் (அடித்தொனி ஸ்பீக்கரை) சுற்றித் துணி விளிம்பு. நுரை விளிம்பாக இருந்திருந்தால் இந்நேரம் தொட்டாலே பொடியாக உதிர்ந்திருக்கும், நானும் இந்த வேலையில் இறங்கியிருக்க மாட்டேன்.

அவற்றுக்காகத்தான் டிபிஏ3116டி2 சிப் வைத்த, புளூடூத்தும் சேர்ந்த ஸ்டீரியோ போர்டு ஒன்று வாங்கினேன். உள்ளங்கையில் அடங்கிவிடும். சத்தத்துக்கு முதல் வகுப்பு கொடுக்கலாம். கூட வந்த விளக்கத் தாளுக்குப் பூஜ்யம்.

அட்டையில் '50 வாட் + 50 வாட்' என்று போட்டிருக்கிறார்கள். பொய் இல்லை, பாதி உண்மை. 21 வோல்ட் கொடுத்து, 4 ஓம் ஸ்பீக்கர் மாட்டி, ஒலி கொஞ்சம் கரகரத்தாலும் பரவாயில்லை என்றால்தான் அந்த 50. என் ஸ்பீக்கர்கள் 8 ஓம், நான் கொடுப்பது சுமார் 17 வோல்ட். கணக்குப் போட்டால் ஒரு பக்கத்துக்கு 18 வாட் வருகிறது. அதுவே ஓர் அறைக்குத் தாராளம், பாதி வால்யூமுக்கு மேல் நான் வைத்ததே இல்லை.

அந்த 17 வோல்ட் பழைய டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வருகிறது. அடாப்டர் எதுவும் வாங்கவில்லை. 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர் அது, அதாவது நடுக் கம்பியிலிருந்து ஒவ்வொரு முனைக்கும் 12 வோல்ட் ஏசி. நடுக் கம்பியைத் தரையாக (கிரவுண்டாக) வைத்து, இரண்டு முனைக்கும் ஒவ்வொரு டயோடு போட்டு, புதிதாக ஒரு பெரிய கெப்பாசிட்டர் வைத்தேன். பழைய கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்ததால் அவற்றை நம்பவில்லை. இங்கே ஒரு எச்சரிக்கை. நடுக் கம்பியை விட்டுவிட்டு இரண்டு முனைகளையும் நான்கு டயோடு பிரிட்ஜில் கொடுத்தால் 24 வோல்ட் ஏசி 34 வோல்ட் டிசியாகிவிடும். இந்தச் சிப்புக்கு 26 வோல்ட்தான் எல்லை. 18-0-18 வைத்திருப்பவர்களும் ஜாக்கிரதை. கணக்குப்படி 25 வந்தாலும், சுமை இல்லாதபோது அது 26-ஐத் தாண்டி எகிறலாம். போர்டை மாட்டும் முன் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் என் அசட்டுத்தனம். பழைய செட்டின் பின்பக்கத்து ஸ்பீக்கர் சாக்கெட்டுகளை அப்படியே பயன்படுத்தினேன். அந்தக் காலத்து வழக்கப்படி இரண்டு கறுப்பு முனைகளும் உள்ளே ஒன்றாக இணைந்து தரையில் சேர்ந்திருந்தன. இந்தப் போர்டிலோ ஸ்பீக்கரின் இரண்டு கம்பியிலுமே சிக்னல் வரும், எதுவும் தரையைத் தொடக் கூடாது. ஸ்விட்சைப் போட்டேன். 'டப்' என்றது, அத்தோடு மௌனம். சிப்பில் ஷார்ட் பாதுகாப்பு இருந்ததால் தப்பியது. தாளில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் அன்றைக்கு அரைமணி நேரம் எனக்கு வியர்த்திருக்காது. அந்த இணைப்பை வெட்டி, நான்கு கம்பியையும் தனித்தனியாக இழுத்தபின் பாடியது. ஆனால் பேஸ் (அடித்தொனி) இல்லை! ஒரு வூஃபருக்கு பிளஸ், மைனஸ் கம்பிகளை மாற்றி மாட்டியிருக்கிறேன். ஒன்றரை வோல்ட் பேட்டரியை நொடிப்பொழுது தொட்டுப் பார்த்தால் போதும்: பிளஸ்ஸில் பிளஸ் வைத்தால் ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் வர வேண்டும்.

போர்டில் இருக்கும் வால்யூம் கண்ட்ரோலில் பி50கே என்று அச்சிட்டிருக்கிறது. பி என்றால் நேர்கோட்டு வகை. கால்வாசி திருப்புவதற்குள்ளேயே சத்தம் நிறைய ஏறிவிடும், அப்புறம் திருப்புவதில் அவ்வளவாக மாற்றம் தெரியாது. பழைய செட்டில் இருந்ததோ ஏ50கே, நம் காதுக்கு ஏற்றபடி மெல்ல மெல்ல ஏறும் வகை. கிளீனர் அடித்து நாலு முறை திருப்பியதும் கரகரப்பு போய்விட்டது, அதையே மாற்றி வைத்துவிட்டேன். அந்தக் கனமான அலுமினியக் குமிழைத் திருப்பும் சுகம் தனி.

சூடு பெரிய பிரச்சினை இல்லை. டி வகுப்பு ஆம்ப்ளிஃபயர் என்பதால் வாங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி ஸ்பீக்கருக்கே போய்விடுகிறது. ஆனாலும் சிப்பின் முதுகில் ஒட்டியிருந்த, சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க் கோணலாக இருந்தது. பழைய ஐசிக்குப் பின்னால் இருந்த அலுமினியத்தில் ஒரு துண்டு அறுத்து, சூட்டைக் கடத்தும் பேஸ்ட் தடவி வைத்தேன்.

புளூடூத் பரவாயில்லை ரகம். போன் இணைந்ததும் ஒரு பெண் குரல் ஊருக்கே கேட்கும்படி அறிவிக்கிறது, அதை நிறுத்த வழியே இல்லை. இரவு நேரத்தில் ரொம்ப எரிச்சல். அதனால் நான் பெரும்பாலும் ஒயர் மாட்டித்தான் கேட்கிறேன்.

சால்டரிங் பழக்கமும் மல்டிமீட்டரும் இருந்தால் தயங்காமல் வாங்கலாம். இரண்டும் இல்லாதவர்கள் பெட்டியோடு வரும் ஆம்ப்ளிஃபயர் வாங்குவதே நல்லது.

பாட்டின் சத்தத்துக்கேற்ப ஆட வேண்டிய முன்பக்கத்து ஊசி மீட்டர்கள் இரண்டும் மட்டும் இன்னும் சும்மா நிற்கின்றன. போர்டுக்குள் போகும் லைன் சிக்னல் அவற்றை அசைக்கப் போதாது. அவுட்புட்டிலிருந்து எடுக்கலாம் என்றால் மறுபடியும் அதே தரைக் கம்பிச் சிக்கல். இடையில் ஒரு டிரைவர் சர்க்யூட் கட்டியாக வேண்டும். அப்பா தினமும் வந்து உட்கார்ந்து ஒரு பாட்டு கேட்டுவிட்டு, "சத்தம் வருது சரி, ஊசி ஏம்மா ஆடல?" என்கிறார்.